தமனிச் சுண்ணமும் இருதய நலமும்

தியாகதுருகம் மலைக்கோட்டைக்கு மூச்சிரைக்காமல் ஏறி இறங்கும் ஒருவர், தமக்கு இருதய நோய் ஏதுமில்லை என எண்ணுதல் இயல்பு. புலால் மறுத்தோரும் அவ்வாறே எண்ணுவர். புலால் மறுத்தல் உடலுக்கும் நன்மை பயப்பதே. எனினும் நெய், வனஸ்பதி, வறுவல், இனிப்பு, ஊறுகாய் ஆகியன மிகுந்த உணவும் மரக்கறி உணவே அன்றோ? சென்னையின் இரு குடியிருப்புப் பகுதிகளில் நடத்தப்பெற்று 2001-இல் வெளியான ஆய்வில், 20 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 100-க்கு 11 பேரிடம் இருதயத் தமனி நோய் காணப்பெற்றது. நோய் வெளிப்படுமுன் அதனை அறியும் வழிகளுள் ஒன்றை ஈண்டுக் காண்போம்.

சுண்ணம் படிவது எவ்வாறு?

இருதயத் தசைக்குக் குருதி கொணரும் குழாய்களே இருதயத் தமனிகள். இவற்றின் உட்சுவரில் கொழுப்பு புகுந்து தங்குங்கால் அவ்விடம் அழற்சியுறுகிறது. நாளடைவில் அங்குள்ள உயிரணுக்கள் மடிய, கால்சியம் என்னும் சுண்ணச்சத்து எலும்பில் படிவதுபோல அங்கும் படிகிறது. ஆதலின், சுண்ணம் என்பது கொழுப்புப் படிவு நெடுநாளாக உள்ளதன் அடையாளமாம். பாலையும் தயிரையும் விலக்கினால் இது நீங்கும் என்பது பிழையான எண்ணம்.

அளப்பது எவ்வாறு?

அமெரிக்க மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டன் குழுவினர் 1990-இல் வெளியிட்ட முறையே இன்றும் வழக்கில் உள்ளது. சி.டி. ஸ்கேன் கருவியில் படுத்துச் சில நொடிகள் மூச்சை அடக்கினால் போதும், ஊசி தேவையில்லை. முடிவு ஓர் எண்ணாகக் கிடைக்கும்.

0 – சுண்ணம் தென்படவில்லை
1 முதல் 99 வரை – சிறிதளவு
100 முதல் 399 வரை – நடுத்தரம்
400-உம் அதற்கு மேலும் – மிகுதி

அமெரிக்காவில் 6,700-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியான ஆய்வின்படி, எண் 100-ஐக் கடந்தோர்க்கு இருதய நோய் நேரும் வாய்ப்பு, எண் 0 உடையோரினும் ஏழு மடங்குக்கு மேலாக இருந்தது.

எவர்க்குத் தேவை?

40 வயதைக் கடந்து, நோய்க்குறி ஏதுமின்றி, இரத்த அழுத்தமோ கொழுப்போ சற்று மிகுந்து அல்லது குடும்பத்தில் இருதய நோய் இருந்து, மருந்து தொடங்குவதா வேண்டாவா என மருத்துவர் ஐயுறும் நிலையில் இச்சோதனை பெரிதும் பயன்படும். முன்பே மாரடைப்பு வந்தோர்க்கு மருந்து உறுதியாகத் தேவைப்படுவதால், இச்சோதனை வேண்டுவதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, எண் 0 எனில் அண்மை ஆண்டுகளில் ஆபத்து குறைவு என்பதே பொருள். சுண்ணம் ஏறாத மென்மையான படிவு இதில் புலப்படாது. புகைபிடிப்போரும் நீரிழிவு உடையோரும் 0 கண்டு அயர்ந்துவிடலாகாது.

இரண்டாவது, நெஞ்சை அழுத்தும் வலி, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை ஆகியன தோன்றியபின் இச்சோதனையை நாடுதல் தவறு. வாயு எனக் கருதிச் சோடா அருந்திக் காத்திருத்தல் அதனினும் பெருந்தவறு. உடனே 108-ஐ அழைத்து, ஈ.சி.ஜி. எடுக்கும் மருத்துவமனையை அடைதல் வேண்டும். 2023-இல் தொடங்கப்பெற்ற ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகள் அளிக்க ஏற்பாடு செய்யப்பெற்றுள்ளது.

ஸ்கேன் எல்லார்க்கும் வேண்டுவதன்று. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் அறிந்து வைத்தல் அனைவர்க்கும் வேண்டும். அன்பர்கள் அதனை முதலில் செய்வார்களாக.