ஃபில்லர் போட்டு மாதங்கள் கழித்துக் கட்டி வந்தால்?

கேள்வி: கல்யாணத்துக்கு முன்பு மகளுக்கு மதுரையில் கன்னத்தில் ஃபில்லர் ஊசி போட்டோம். எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் போடியில் சொத்தைப் பல்லைப் பிடுங்கினோம். இப்போது கன்னத்தில் பட்டாணி அளவுக்குக் கட்டி. இதற்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருக்குமா டாக்டர்?
– ஒரு தாய், ராசிங்காபுரம்

பதில்: இருக்கலாம் அம்மா. பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

தோலுக்கடியில் நிரப்பும் ஃபில்லராக இப்போது பெரும்பாலும் போடப்படுவது ஹயலூரானிக் அமில ஜெல். மெதுவாகக் கரையும் என்றாலும், உள்ளே இருக்கும்வரை உடலுக்கு அது அந்நியப் பொருள்தான். அதனால் மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துக்கூட வீக்கமோ கட்டியோ வரலாம். பல் சிகிச்சை, சைனஸ் தொற்று, ஃப்ளூ காய்ச்சல், அரிதாகத் தடுப்பூசி ஆகியவை இதைத் தூண்டலாம். 2020-இல் மாடர்னா கொரோனா தடுப்பூசிப் பரிசோதனையில், முன்பு ஃபில்லர் போட்டிருந்த மூன்று பேருக்கு முகமோ உதடோ வீங்கி, பிறகு சரியானது.

பல் பிடுங்கிய பக்கமே கட்டி இருந்தால், பல் இருந்த இடத்தில் சீழ் கோத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எனவே பல் டாக்டரிடமும் ஃபில்லர் போட்ட டாக்டரிடமும் உடனே காட்டுங்கள். மதுரை போக முடியாவிட்டால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்த் தோல் டாக்டரைப் பாருங்கள். ஊசி போட்ட தேதி, இடம், மருந்தின் பெயர் மூன்றையும் சொல்லுங்கள்.

அதுவரை கட்டியை அமுக்கவோ, உருவிவிடவோ, சூடு ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். மெடிக்கல் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வீக்கம் வடிந்ததுபோல் தெரியும், உள்ளே தொற்று இருந்தால் அது வளரக்கூடும். கிருமித் தொற்று என்றால் முதலில் ஆன்டிபயாடிக். தேவைப்பட்டால் ஹயலூரானிடேஸ் ஊசியால் அந்த ஜெல்லையே கரைக்கலாம். சிலிக்கோன் போன்ற நிரந்தர ஃபில்லரை அப்படிக் கரைக்க முடியாது. சில நேரம் அறுவை சிகிச்சைதான் வழி.

கட்டி சிவந்து சுட்டாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே போங்கள். முகம் மளமளவென்று வீங்கி மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

இனி ஃபில்லர் போட நினைப்பவர்களுக்கு: பியூட்டி பார்லரில் போடாதீர்கள். தகுதி பெற்ற தோல் டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ மட்டும் போடுங்கள். பெட்டியிலுள்ள பெயர், பேட்ச் எண் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எது போட்டார்கள் என்று தெரிந்தால்தான், பின்னால் சிக்கல் வரும்போது எதைக் கொடுத்துச் சரிசெய்வது என்று டாக்டரால் முடிவெடுக்க முடியும்.