அருவி சுழற்றிய ஆலை

புதுக்கடைக்கு அருகே ஓடித் தேங்காய்ப்பட்டினத்தில் கடலோடு கலக்கும் ஆற்றுக்குத் தாமிரபரணி என்று பெயர். திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்தும் பொருநைக்கும் அதே பெயர். ஆறுகள் இரண்டு, ஒரே மலைத்தொடரில் பிறந்து, ஒன்று மேற்குக் கடலையும் மற்றொன்று கிழக்குக் கடலையும் சேர்கின்றன. இவற்றுள் கிழக்கு நோக்கும் ஆறு மலையை விட்டு இறங்கும் பாபநாசத்தில், 1880களில் ஒரு நூற்பாலை எழுந்தது. அதனை நிறுவியவர்கள் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துச் சகோதரர்கள்.

பருத்தி விளைந்தது கரிசல் நிலத்தில். துறைமுகம் இருந்தது தூத்துக்குடியில். 1876இல் வந்த இருப்புப்பாதையோ திருநெல்வேலியோடு நின்றிருந்தது. இவை யாவற்றுக்கும் எட்டத்தில், மலையடிவாரத்தில் ஆலையை அமைத்தது ஏன்? அக்கால ஆலைகள் பலவற்றை நீராவி இயக்கியது. நீராவிக்கு வேண்டிய நிலக்கரி தென்தமிழகத்தில் இல்லை; தொலைவிலிருந்து வரவேண்டும். அருவிக்கு அச்செலவு இல்லை. ஆகவே, விசையிருந்த இடத்துக்குப் பஞ்சு போயிற்று.

உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கும் நீர் சுழலியின் தகடுகளைத் தாக்குகிறது. சுழலி அச்சுத்தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் சுழற்சி எந்திரங்களை எட்டுகிறது. நூற்புக்கு இது இயல்பாகப் பொருந்தும், கதிரும் சுழல்வதுதானே! மரமோ கல்லோ அறுப்பதற்கு இவ்வளவு போதாது. வாள் முன்னும் பின்னும் சென்று வரவேண்டும். சுழற்சியை அவ்வசைவாக மாற்றும் வளைதண்டோடு கூடிய நீர்விசை வாளின் புடைப்புச் சிற்பம், இன்றைய துருக்கியிலுள்ள ஹிராபோலிஸ் நகரின் கல்லறைப் பேழையொன்றில் காணப்படுகிறது. அது கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஆற்றுநீரை ஆலைக்குக் கொடுத்தால் வயலுக்கு என்ன மிஞ்சும்? கீழே எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்களை நம்பி நெல்வயல்கள் காத்திருந்தன. சுழலி நீரின் வீழ்ச்சியைப் பயன்படுத்துகிறதேயன்றி நீரைக் குடிப்பதில்லை. உழைத்த நீர் மீண்டும் ஆற்றையே சேரும். எனினும் இவ்விசைக்கு ஒரு கட்டுண்டு: ஆறு இளைத்தால் ஆலையும் இளைக்கும், அருவியைவிட்டு விசை அகலாது. அதனால்தான் ஹார்வி சகோதரர்கள் தூத்துக்குடியிலும் மதுரையிலும் பின்னர் அமைத்த ஆலைகளுக்கு இவ்வருவி உதவவில்லை.

அக்கட்டை மின்சாரம் அவிழ்த்தது. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், அதே நீரின் விசை கம்பிவழியே தொலைதூர ஆலைகளுக்கும் சென்றது. மலையின் மேற்குச் சரிவிலோ, கோதையாற்று மின்நிலையங்கள் 1970களின் தொடக்கத்தில்தான் இயங்கலாயின. புதுக்கடைப் பக்கம் ஓடும் தாமிரபரணிக்குக் கோதையாறு ஒரு கிளையாறு.