கத்தியின்றி முகச் சுருக்கம் நீங்குமா?

எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோர் பலர் இக்கேள்வியை எழுப்புகின்றனர். ஓரளவு நீங்கும் என்பதே எங்கள் விடை. அந்த அளவு எவ்வளவு என்பதை அறிந்தபின் முடிவெடுப்பது நலம்.

எவ்வாறு செயல்படுகிறது?
தோலின் உட்படலத்தில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளே அதற்கு உறுதி தருகின்றன. முதுமை, வெயில், புகைப்பழக்கம் ஆகியவற்றால் அவை குறைகின்றன. மேல்தோலைக் குளிர்வித்தோ விலக்கியோ உட்படலத்தை மட்டும் சூடாக்கினால் பழைய இழைகள் சுருங்கும். அந்நுண்காயம் ஆறும்போது புதிய கொலாஜன் உருவாகும். ஆதலால் முழுப்பலன் தெரிய இரண்டு, மூன்று மாதங்களேனும் ஆகும்.

முக்கிய வகைகள்
• ரேடியோ அலைச் சிகிச்சை: திசுக்களின் மின்தடையால் வெப்பம் உண்டாகிறது. தோலின் நிறத்தைப் பெரிதும் சாராதது.
• மீயொலிச் சிகிச்சை: ஒலி அலைகள் 1.5 முதல் 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் குவிக்கப்படுகின்றன. புருவம், தாடை, கழுத்து ஆகியவற்றின் தளர்ச்சிக்குப் பயன்படுகிறது.
• லேசர் மற்றும் ஒளிச் சிகிச்சை: மெல்லிய கோடுகளுக்கும் வெயிலால் நேர்ந்த பாதிப்புக்கும் உதவும். ஆயினும் மெலனின் நிறமி ஒளியை ஈர்ப்பதால், மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் கொப்புளமும், மாதக்கணக்கில் நீடிக்கும் கருந்திட்டும் தோன்றக்கூடும். தோலின் நிறத்திற்கேற்பக் கருவியையும் ஆற்றல் அளவையும் தேர்ந்தெடுப்பது இன்றியமையாதது.

எதை எதிர்பார்க்கலாகாது?
மிகவும் தொங்கிவிட்ட தோலுக்கு இவை அறுவைச் சிகிச்சைக்கு ஈடாகா. தசை அசைவால் நெற்றியில் விழும் கோடுகளுக்கு வேறு சிகிச்சைகளே பொருந்தும். பெற்ற பலனும் நிலையானதன்று. முதுமை தொடரவே செய்யும்.

முன்னதாகத் தெரிவிக்க வேண்டியவை
பேஸ்மேக்கர் பொருத்தியிருத்தல், கர்ப்பம், தழும்பு தடித்து வளரும் இயல்பு, உதட்டில் அடிக்கடி வரும் அக்கி, முகத்தில் முன்பு போட்ட ஃபில்லர் ஊசி, உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய அனைத்தையும் மருத்துவரிடம் கூறுங்கள். கருவியை இயக்குபவர் யார், எத்தனை அமர்வுகள் தேவை, மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டறியத் தயங்காதீர்கள்.

சிகிச்சைக்குப் பின்
சிறிதளவு சிவப்பும் வீக்கமும் இயல்பானவை. கொப்புளம், கடும் வலி, முகம் ஒருபுறம் கோணுதல், மரத்துப்போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே வாருங்கள். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை நாள்தோறும் பூசி, குடையோ தொப்பியோ பயன்படுத்துங்கள். சிகிச்சை பெறாதோருக்கும் நாங்கள் முதலில் கூறும் அறிவுரை இதுவே: வெயிலைத் தவிர்ப்பதற்குச் செலவு குறைவு, அதனால் தீங்கும் இல்லை.