படியில் நின்ற மகன்

ஒரு அம்மாவையும் மகனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வயது 70. மகனுக்கு 44. டெல்லியில் ஆர்.கே.புரத்தில் இருக்கிறார்கள்.

மகனுக்குப் பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். அறிவு வளர்ச்சி குறைவு. ஆனாலும் தன் வேலையைத் தானே செய்வான். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவான். செவ்வாய்க்கிழமை தோறும் அம்மாவோடு மலை மந்திருக்குப் போவான். அது முருகன் கோயில். படிகளில் அம்மாவுக்கு முன்னால் ஏறிவிடுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை முதல் படியிலேயே நின்றுவிட்டான். அம்மா கையைப் பிடித்து இழுத்தார். அவன் வரவில்லை. அழுதான்.

வீட்டிலும் மாற்றம் தெரிந்தது. பகலெல்லாம் தூங்கினான். "பிடிவாதம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இவங்க அப்படித்தான்" என்றார் இன்னொருவர்.

அது பிடிவாதம் இல்லை.

முன்பெல்லாம் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். இன்று நல்ல மருத்துவம் கிடைத்தால் 60 வயது வரைகூட வாழ்கிறார்கள். ஆனால் முதுமை அவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது. 40 வயதிலேயே வரலாம். கண்ணில் புரை விழும். காது மந்தமாகும். தைராய்டு குறையும். அது குறைந்தால் சோர்வு வரும், தூக்கம் வரும், உடல் பருக்கும். சிலருக்கு மறதி நோயும் வரும்.

வலிக்கிறது, தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களில் பலருக்குத் தெரியாது. நடத்தையில்தான் தெரியும்.

மறதி நோயை முழுதாகக் குணப்படுத்த முடியாது. புரையை எடுத்துவிடலாம். தைராய்டுக்கு மாத்திரை உண்டு. அதனால் மறதி என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. முதலில் கண், காது, பல் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். தைராய்டுக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

அந்த அம்மா எழுதப் படிக்கக் கற்றது 58 வயதில். ஒரு நோட்டு வாங்கினார்.

"திங்கள். தட்டைக் கையால் தடவித் தேடினான்."

"புதன். வாசல் படியில் நின்றான்."

இப்படி இரண்டு வாரம் எழுதினார். அரசு மருத்துவமனைக்கு நோட்டோடு போனார். டாக்டர் படித்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. பாவம், அவனுக்குப் படியே தெரியவில்லை! தைராய்டும் குறைவு.

அறுவைச் சிகிச்சை நடந்தது. மாத்திரையும் கொடுத்தார்கள். சில மாதங்களில் மகன் மறுபடி படி ஏறினான். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

அம்மாவுக்கு இன்னொரு கவலை. தனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

இதற்காகவே 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 18 வயது தாண்டியவருக்குச் சட்டப்படி காப்பாளர் வைக்கலாம். மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். இந்த அறக்கட்டளையின் நிராமயா இன்சூரன்சில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். டெல்லி வசந்த் குஞ்சில் முஸ்கான் என்ற அமைப்பும் உண்டு. பெரியவர்களான பிறகும் அங்கே வேலை பழகலாம்.

மகள் கரோல் பாக்கில் இருக்கிறாள். காப்பாளராக இருக்கச் சம்மதித்தாள்.

"தம்பியைக் கேட்டியா அம்மா?" என்றாள்.

அம்மா கேட்கவில்லை. 44 வயது ஆளிடம் கேட்கத் தோன்றவில்லை! உடனே கேட்டார்கள்.

"அக்கா வீடு சரி. செவ்வாய்க்கிழமை முருகன்" என்றான்.

அதையும் அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்.