தோல் பொருட்களைப் பேணுவோம்: வீட்டுக்கு ஒரு பாடம்

 

சென்ற மழைக்காலம் முடிந்ததும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக நம் மஹல்லாவில் பழைய ஷூக்களையும் பைகளையும் சேகரித்தோம். பலரும் மனமுவந்து கொடுத்தார்கள். ஆனால் மூட்டைகளைப் பிரித்தபோது மனம் கனத்தது. நல்ல தோலில் செய்த ஷூக்கள் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு, கட்டிலுக்கடியில் மாதக்கணக்கில் கிடந்து, பூஞ்சணம் பூத்து வந்திருந்தன. சில விறைத்து வெடித்திருந்தன. ஒருவருக்கும் கொடுக்க முடியாமல் பலவற்றை ஒதுக்கினோம்.

ஒரே ஒரு பை மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஷூவைத் துடைத்து, லேஸ் மாற்றி, உள்ளே காகிதம் அடைத்துக் கொண்டுவந்தார் ஒரு மூதாட்டி. "என் பேரன் போட்டதும்மா. இன்னொரு பிள்ளை வெட்கப்படாமப் போடணும்ல" என்றார். அந்த ஒரு சொல்தான் இந்தப் பாடத்துக்குக் காரணம்.

மார்க்கம் காட்டும் வழி

மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டபோது, அதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். செத்த ஆடாயிற்றே என்று தோழர்கள் சொன்னதற்கு, உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. பயன்படக்கூடிய ஒரு தோலைக்கூட வீணாக்க வேண்டாம் என்பது இதில் நமக்குள்ள படிப்பினை. நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதையும், ஈச்சநார் அடைத்த தோல் விரிப்பில் படுத்தார்கள் என்பதையும் ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம்.

தர்மம் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் எச்சரிப்பதையும் நினைவில் வைப்போம். நமக்குக் கொடுத்தால் நாமே முகம் சுளித்து வாங்கும் பொருளை, அல்லாஹ்வின் பாதையில் கொடுக்கத் தேடி எடுக்கக் கூடாது.

முதலில் தோலை அறிவோம்

தோல் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தோலை நம்பி வாழ்கின்றன. ஷூ தொழிற்சாலைகளில் மேல்தோலைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தத் தொழிலுக்குப் பாலாறு கொடுத்த விலையும் பெரிது. தோல் கழிவுநீர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு நாடே அறிந்தது. ஒரு ஜோடி ஷூவுக்குப் பின்னால் ஓர் உயிரும், பலருடைய உழைப்பும், ஓர் ஆற்றின் நீரும் இருக்கின்றன. அதை ஓராண்டில் தூக்கி எறியாமல் ஐந்தாண்டு உழைக்க வைப்பது நம் கையில் இருக்கிறது.

முன்பு நம் பகுதியில் ஆவாரம் பட்டையைக் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும் என்பதால், கடைசியில் கடுக்காய் நீரிலும் போட்டெடுப்பார்கள். இன்று ஷூ மேல்தோல் பெரும்பாலும் குரோம் உப்பால் பதனிடப்படுகிறது. தடித்த செருப்புகளிலும் பெல்ட்டுகளிலும் பட்டையில் பதனிட்ட தோல் இன்னும் உண்டு. இவ்விரண்டில் பட்டைத் தோல்தான் நீரையும் சூட்டையும் குறைவாகத் தாங்கும்.

கையில் இருப்பது தோல்தானா என்று பார்க்க, வெட்டிய ஓரத்தையும் உட்பக்கத்தையும் கவனியுங்கள். தோலில் நார் நாராக, மெல்லிய பஞ்சு போலத் தெரியும். ரெக்சினில் துணி அல்லது பின்னல் தெரியும். நெருப்பு வைத்துச் சோதிக்க வேண்டாம், பொருள்தான் கெடும். சிலவற்றில் அடியில் மட்டமான தோலும் மேலே 'பியூ' என்னும் பிளாஸ்டிக் படலமும் இருக்கும். அந்தப் படலம் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தால் எந்த எண்ணெயாலும் கிரீமாலும் அதை மீட்க முடியாது. காற்றின் ஈரமே அதைச் சிதைக்கிறது. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஷூவின் சோல் ஒருநாள் மாவாக உதிர்வதற்கும் இதுவே காரணம். ஆகவே உரியும் ரெக்சின் பையைச் சரிசெய்யச் செலவு செய்யாதீர்கள். அந்தப் பணத்தை நல்ல தோல் ஷூவின் சோல் மாற்றச் செலவிடுங்கள்.

வெளிநாட்டு ஷூ வாங்குவோர் உள்புறத் தோலையும் பார்ப்பது நல்லது. பன்றித்தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாக, முக்கோணமாக அமைந்திருக்கும். மேற்பூச்சு அதை மறைத்திருக்கவும் கூடும் என்பதால், ஐயமிருந்தால் வேறு ஷூவைத் தேர்ந்தெடுங்கள். பதனிடுவதால் பன்றித்தோல் தூய்மையாகாது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஒன்றே.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம்

ஜும்ஆவுக்கு முந்தைய மாலையை இதற்கென ஒதுக்கலாம். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.

1. லேஸைக் கழற்றி, காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். தையலிலும் மடிப்பிலும் தங்கும் மணல்தான் நூலை அறுக்கிறது.
2. பழைய பருத்தித் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து துடையுங்கள். சோப்புத்தூளும் பாத்திரம் கழுவும் கட்டியும் வேண்டாம். தோல் இயல்பில் அமிலத்தன்மை கொண்டது. சோப்பின் காரம் அதை வறட்டிவிடும்.
3. நிழலில் நன்றாகக் காயவிடுங்கள்.
4. தோல் கிரீமைத் துணியில் சிறிதளவு எடுத்து மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து பிரஷ் போடுங்கள். டப்பாவில் வரும் மெழுகுப் பாலிஷ் மேலே பளபளப்பும் காப்பும் தரும். உள்ளே ஈரப்பதம் தராது. முதலில் கிரீம், பிறகு பாலிஷ் என்பதே முறை.

பஞ்சு வைத்த பாட்டிலில் வரும் திரவப் பாலிஷ் அவசரத்துக்கு மட்டும். தினமும் போட்டால் படலம் கட்டி, மடிப்பில் வெடிக்கும். மயிர்ப்பதம் உள்ள மென்தோலுக்குப் பாலிஷும் கிரீமும் ஆகாது. காய்ந்த பிரஷ்ஷும், கறைக்குப் பென்சில் ரப்பரும் போதும்.

ஒரே ஷூவைத் தினமும் போடாமல், முடிந்தால் ஒருநாள் விட்டுப் போடுங்கள். காலின் வியர்வை முழுதும் காய ஒரு நாளாவது ஆகும்.

தேங்காய் எண்ணெய் போடலாமா?

நம் வீடுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம் என்பதே எங்கள் பதில். தேங்காய் எண்ணெய் உடனே மினுமினுப்பாகக் காட்டும். ஆனால் நிறத்தைக் கறுக்கவைக்கும், தூசியை ஒட்டவைக்கும், நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். விறைத்துப்போன தடித்த செருப்பு வாருக்கு மட்டும் விளக்கெண்ணெய் ஒன்றிரண்டு சொட்டைத் துணியில் தேய்த்துப் பூசலாம். அதையும் உள்பக்கம் ஓர் ஓரத்தில் சோதித்த பிறகே செய்யுங்கள்.

மழையில் நனைந்தால்

நனைந்த ஷூவை அடுப்போரம் வைப்பதும், வெயிலில் போடுவதும் நாம் செய்யும் பெரிய தவறு. ஈரமான தோல் சூட்டில் சுருங்கும். காய்ந்ததும் பலகை போல் ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்த மருந்தும் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. மேலே உள்ள நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். உள்ளே காகிதம் அடைத்து, மணிக்கொரு முறை மாற்றுங்கள். வெளிர்நிற உள்தோலுக்கு அச்சு மையில்லாத காகிதம் நல்லது. சோலுக்கும் காற்றுப் படும்படி சாய்த்து வைத்து, மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் காயவிடுங்கள். முழுதும் காய்ந்த பின் கிரீம் பூசுங்கள். காய்ந்ததும் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது உப்பு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, பிழிந்த துணியால் துடைத்தால் போய்விடும்.

பூஞ்சணம் பூத்தால்

காற்றின் ஈரப்பதம் உயர்ந்து, காற்றோட்டமும் இல்லாத இடத்தில் பூஞ்சணம் வளர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மூடிய அலமாரி அதற்கு மிகவும் பிடித்த இடம்.

பொருளை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அருகில் வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிய பிறகு, வினிகர்க் கலவையில் நனைத்துப் பிழிந்த துணியால் மேலும் உள்ளும் துடையுங்கள். நிறம் போகிறதா என்று ஓர் ஓரத்தில் முதலில் சோதியுங்கள். பலர் ஸ்பிரிட் உபயோகிப்பார்கள். அதைத் தவிர்க்க விரும்புவோருக்கு வினிகரே போதும். நிழலில் காயவைத்து, அலமாரியையும் துடைத்துக் காற்றாட விட்ட பிறகே திரும்ப வையுங்கள். அலமாரியை விட்டுவிட்டால் அடுத்த வாரமே பூஞ்சணம் திரும்பும்.

இனி வராமல் இருக்க, பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, பழைய வேட்டித் துணியில் தைத்த பையில் வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றுக் காட்டுங்கள். அந்துருண்டையைத் தோலின் மேல் படும்படி வைக்காதீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது அறவே வேண்டாம்.

தோல் காலுறையும் தோல் உறையும்

மஸ்ஹு செய்யும் தோல் காலுறையில் தையல் விட்டால் அது தொழுகையோடு சம்பந்தப்பட்ட விஷயம். எவ்வளவு கிழிசல் இருந்தால் மஸ்ஹு கூடாது என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. பேஷ் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் ஒரு தையல் விட்டதுமே தைத்துவிடுவது நல்லது. இரவில் கழற்றியதும் உட்புறம் காயும்படி விரித்து வையுங்கள்.

பாட்டன் காலத்து முஸ்ஹஃபின் தோல் உறைக்கு ஈரத்துணியோ எண்ணெயோ வேண்டாம். மென்மையான காய்ந்த துணி போதும். பக்கங்களில் எண்ணெய் ஊறினால் எழுத்தே பாழாகிவிடும்.

நீரிழிவு உள்ளவர் வீட்டில்

இது சிக்கனத்தைவிட முக்கியமானது. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு, விறைத்த தோலின் மடிப்போ, நீட்டிய ஆணியோ உரசுவது தெரியாது. புண்ணான பிறகே தெரியும். அத்தா, அம்மாவின் செருப்புக்குள் தினமும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே வெடித்த தோல் இருந்தால் பாலிஷ் போட்டு ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள். இவர்களுக்குப் பிறர் போட்ட பழைய ஷூ வேண்டவே வேண்டாம்.

பிறருக்குக் கொடுக்கும் முன்

உள்ளே விரித்த அட்டையை எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். பழையதில் முதலில் அணிந்தவர் காலின் பள்ளம் பதிந்திருக்கும். உள்புறம் துடைத்துக் காயவையுங்கள். சோல் பிரிந்திருந்தால் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்குங்கள். அவருக்கும் அது ஒரு நாள் வருமானம். அவரிடம் பேரம் பேசி நோகடிக்க வேண்டாம். லேஸ் மாற்றி, அளவை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்: இதை என் பிள்ளைக்குப் போட்டு அனுப்புவேனா? ஆம் என்று மனம் சொன்னால் கொண்டுவாருங்கள். பள்ளிகள் திறக்கும் முன் நம் அலுவலகத்தில் மீண்டும் சேகரிக்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். இம்முறை ஒரு ஜோடியைக்கூட ஒதுக்க வேண்டிய நிலை வராது என்று நம்புகிறோம்.

கொடுத்ததைப் பேணவும், பேணியதைப் பிறருக்குக் கொடுக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.