மலை ஏறும் ஓட்டத்தைப் பார்க்கப் போகிறவருக்கு

நெல்லியடி

அன்புள்ள பெறாமகனுக்கு,

டூர் டி பிரான்ஸ் என்பது 1903ஆம் ஆண்டு ஒரு விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய சைக்கிள் ஓட்டம். இரண்டு உலகப் போர்க் காலங்கள் தவிர ஆண்டுதோறும் நடந்து வருகிறது. வழக்கமாக ஜூலை மாதத்தில், 23 நாட்களில் 21 கட்டங்களாக, ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர் ஓடி முடிக்கப்படும். இடையில் இரண்டே இரண்டு ஓய்வு நாட்கள். ஒரு நாள் ஓட்டம் சில வேளை யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு அநுராதபுரம் போய்ச் சேரும் தூரம் இருக்கும். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்க்கையில் யாருடையது குறைவோ அவருக்கே மஞ்சள் மேலாடை.

இந்த ஓட்டத்தை வீதியோரத்தில் நின்று பார்க்க நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. ஆனால் எந்த வீதியில் நிற்பது என்பதில்தான் பயணத்தின் பயன் முழுவதும் இருக்கிறது. சமதரையில் ஓட்டக்காரர் கூட்டமாக மணிக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் வருவார்கள். காற்று முகத்தில் அடிக்கும், நிறங்கள் தெரியும், அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்காகக் கடல் கடந்து போக வேண்டாம். மலையில் கூட்டம் உடைகிறது. முதலாமவர் போன பின்னும் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒருவர் ஒருவராக, இருவர் மூவராக வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவரின் முகத்தையும் மூச்சையும் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். கடைசியாக வருவது சமதரையில் வேகம் காட்டும் ஓட்டக்காரர்களின் கூட்டம். அவர்களுக்கு அன்றைய வெற்றி கிடையாது. குறித்த நேர எல்லைக்குள் வந்து சேராவிட்டால் மறுநாள் ஓட்டமும் கிடையாது. அதற்காக மட்டுமே அவர்கள் மிதிக்கிறார்கள். பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளிலேயே போன வடமராட்சியில் வளர்ந்த ஒருவருக்கு, முதலாமவரைவிட இந்தக் கடைசிக் கூட்டமே மனதில் நிற்கும். முதலாமவர் போனதும் இறங்கத் தொடங்குகிறவர்கள் ஓட்டத்தின் பாதியைப் பார்க்காமலே போகிறார்கள்.

குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை என்பதால் மலையின் அளவை முன்கூட்டியே அறிந்து வைப்பது நல்லது. அல்ப்ஸ் மலையிலுள்ள கலிபியே கணவாய் 2,642 மீற்றர் உயரம். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். அல்ப் துவெஸ் ஏற்றத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள். யாழ்ப்பாணத்தவருக்குப் போக வசதியானது பிரனீஸ் மலைத்தொடரின் தூர்மலே, 2,115 மீற்றர். அதன் அடிவாரத்துக்குப் போகும் வழியில் இருப்பது லூர்து மாதாவின் திருத்தலமான அதே லூர்து நகரம். ஐரோப்பாவிலுள்ள நம்மவர் மதவேறுபாடின்றி அங்கே போய்வருவதால் வழி கேட்க ஆள் உண்டு. பாரிசிலிருந்து கடுகதி ரயிலில் சுமார் ஐந்து மணித்தியாலம். லூஸ் என்ற ஊரிலிருந்து உச்சி வரை 19 கிலோமீற்றர். சராசரியாக ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏழு மீற்றருக்கு மேல் உயர்கிறது. 1910இல் முதன்முதலாக இந்தக் கணவாயை ஓட்டத்தில் சேர்த்தபோது அது வெறும் கல்லும் மண்ணுமான பாதை. பெரும்பாலான ஆண்டுகளில் தூர்மலே வரும், எல்லா ஆண்டும் அல்ல. அடுத்த ஆண்டின் பாதையை அக்டோபரில் அறிவிப்பார்கள். அதைப் பார்க்காமல் பயணச்சீட்டு எடுப்பது வீண்.

உறவினர் பாரிசில் இருப்பதால் கடைசி நாளை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணம் எளிதில் வரும். 1975 முதல் ஓட்டம் சாம்ப்ஸ் எலிசே வீதியில் முடிகிறது. 2024இல் மட்டும் ஒலிம்பிக் காரணமாக நீஸ் நகருக்குப் போனது. 2025இல் மொன்மார்த் குன்றையும் மூன்று முறை ஏறவைத்தார்கள். அது நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து நடந்து போகும் தூரம்தான். வீதியைச் சுற்றிச் சுற்றி வருவதால் ஓட்டக்காரரைப் பலமுறை காணலாம். ஆனாலும் மஞ்சள் மேலாடை யாருக்கு என்பது அநேகமாக அதற்கு முன்பே மலையில் தீர்ந்திருக்கும். பாரிஸை மலைக்குப் பின் வைத்துக்கொள்வதே முறை.

விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூலைப் பயணத்துக்கு ஜனவரியில் தொடங்குவது நிம்மதி. கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போக வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதி கட்டாயம். உறவினர் வீட்டில் தங்குவதானால் அவர் தம் நகரசபையில் வரவேற்புச் சான்றிதழ் பெற்று அனுப்ப வேண்டும். அதற்கு வீட்டின் அளவும் வருமானமும் காட்டவேண்டியிருப்பதால், அவர் வேலை நாளை விட்டு அலைகிறார் என்பதை மனதில் வைத்து நேரத்தோடு கேட்பதே மரியாதை.

ஓட்ட நாளில் மலைவீதியை வாகனங்களுக்குக் காலையிலேயே, சில இடங்களில் முதல்நாளே மூடிவிடுவார்கள். நடந்தோ சைக்கிளிலோதான் ஏறலாம். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே ஆலங்கட்டி மழை பெய்வதுண்டு. மழையங்கி, தடித்த சட்டை, தொப்பி, தண்ணீர் நான்கும் வேண்டும். உறவினர் வீட்டில் கட்டித்தரும் ரொட்டியும் சம்பலும் மாலை வரை தாங்கும். ஓட்டக்காரருக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் முன்னதாக விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும். 1930இல் தொடங்கிய வழக்கம் அது. தொப்பி, இனிப்பு, சாவிக்கோர்வை என்று வாரி வீசுவார்கள். வீதிக்குள் உருண்டதை எடுக்கப் பாய்கிறவர்கள் வண்டியில் அடிபடக்கூடும். விழுந்தது விழுந்ததாகவே கிடக்கட்டும்.

மலையில் பெரும்பாலான இடங்களில் வேலி இல்லை. ஓட்டக்காரரின் பாதுகாப்பு பார்வையாளரின் கையில் இருக்கிறது. இதைவிட முக்கியமான விஷயம் இந்தப் பயணத்தில் வேறில்லை. 1975இல், அதுவரை ஐந்து முறை வென்றிருந்த எடி மெர்க்ஸை ஒரு பார்வையாளர் விலாவில் குத்தினார். அந்த ஆண்டு மெர்க்ஸ் தோற்றார், பிறகு இந்த ஓட்டத்தை ஒருபோதும் வெல்லவில்லை. 2018இல் அல்ப் துவெஸில் வின்சென்சோ நிபாலி விழுந்து முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு ஓட்டத்தை விட்டு விலகினார். பார்வையாளர் ஒருவரின் கமரா வார் சிக்கியதே காரணம் என்று கூறப்பட்டது. 2021இன் முதல் நாளில் ஒரு பெண் தொலைக்காட்சிக் கமராவுக்குக் காட்டுவதற்காக மட்டை ஒன்றை வீதிக்குள் நீட்டி, வரும் ஓட்டக்காரருக்கு முதுகைக் காட்டி நின்றார். டோனி மார்ட்டின் அதில் மோதி விழ, பின்னால் வந்த பலர் அவர் மேல் விழுந்தார்கள். நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 1,200 யூரோ தண்டம் விதித்தது. அவரிடம் தீய எண்ணம் எதுவும் இருக்கவில்லை. வீட்டாருக்குத் தன் முகத்தைக் காட்டும் ஆசைதான். ஆகவே ஓட்டக்காரர் வரும்போது கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, அவர்கள் வரும் திசையையே பார்த்து, ஓர் அடி பின்னால் நிற்க வேண்டும். கூடவே ஓடுவதும் முதுகில் கை வைத்துத் தள்ளுவதும் அறவே கூடாது.

கடைசி ஓட்டக்காரரின் பின்னால் துடைப்ப வண்டி எனப்படும் வாகனம் வரும். அது கடந்த பின்னரும் பொலிசார் திறக்கும்வரை வீதி மூடியே இருக்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குவதால் அடிவாரம் சேர இருட்டிவிடலாம். அன்றிரவு ரயிலை நம்பாமல் லூர்திலேயே அறை எடுத்து, மறுநாள் காலை ரயிலுக்குப் பதிவு செய்துகொள்வது நல்லது.

அன்புடன்,
பெரியப்பா