மந்திரத்துக்கும் கணக்கு உண்டு

கேள்வி: இருபது வருடங்களாக அறிவியல் புனைகதை படிக்கிறேன். ஆர்தர் சி. கிளார்க் எனக்கு உயிர். ஃபேன்டஸி மட்டும் ஒத்துவரவில்லை. மந்திரம் போட்டால் எதுவும் நடக்கும் என்றால் கதையில் என்ன பதற்றம் மிஞ்சும்? முன்னது மூளைக்கு வேலை, பின்னது வெறும் பொழுதுபோக்கு என்பது என் கருத்து. சரிதானா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பாதி சரி. எதுவும் நடக்கலாம் என்றால் கதை செத்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறை ஃபேன்டஸிக்கு மட்டுமே உரியது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

உங்கள் கிளார்க்கையே எடுத்துக்கொள்வோம். 1979-ல் வந்த ‘தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறார்கள். அதைத் தாங்கும் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். கிளார்க் வாழ்ந்த இலங்கையோ அந்தக் கோட்டுக்கு வடக்கே கிடக்கிறது. அவர் என்ன செய்தார்? அந்தத் தீவையே கதையில் சுமார் 800 கி.மீ. தெற்கே நகர்த்தி, ‘தாப்ரபேன்’ என்று பெயர் வைத்தார். நிலப்படத்தை மாற்றத் துணிந்தவர் இயற்பியலில் கைவைக்கவில்லை. உங்களைக் கட்டிப்போட்டது அந்த நேர்மைதான்.

அதே நேர்மை உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’யில் இருக்கிறது. அங்கே ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரியாமல் அதன்மேல் மந்திரம் செல்லாது. மந்திரப் பள்ளி மாணவர்கள் தனிக் கோபுரத்தில் உட்கார்ந்து பெயர்களை நெட்டுருப் போடுகிறார்கள். கூழாங்கல்லை வைரம்போலக் காட்டுவது எளிது. உண்மையிலேயே வைரமாக்கினால் உலகத்தின் சமநிலை குலையும் என்று பள்ளியின் ஆசிரியர் எச்சரிக்கிறார். எதிரிகளிடமிருந்து தப்ப வல்லூறாக மாறும் நாயகன் கெட், கடல் தாண்டி நெடுந்தூரம் பறந்து பழைய குரு ஓகியனின் கையில் வந்து அமர்கிறான். அதற்குள் தான் மனிதன் என்பதே அவனுக்கு ஏறக்குறைய மறந்துவிட்டது. மந்திரம் கேட்ட விலை அது. இங்கே பதற்றம் இல்லை என்று சொல்வீர்களா?

இன்னொன்று. 1895-ல் எச். ஜி. வெல்ஸ் படைத்த கால இயந்திரத்தில் நிக்கல் இருக்கிறது, தந்தம் இருக்கிறது, படிகம் இருக்கிறது. அது எப்படிக் காலத்தைக் கடக்கிறது என்பதற்கு மட்டும் சரியான விளக்கம் இல்லை. உலோகத்தில் செய்த மந்திரக்கோல் அது. இருந்தும் அந்த நாவல் அறிவியல் புனைகதையின் மூலநூல்களில் ஒன்று.

ஆகவே அட்டையில் உள்ள வகைப்பெயரை வைத்துப் புத்தகத்தை எடை போடாதீர்கள். தான் வகுத்த விதியை ஆசிரியர் கடைசிவரை காப்பாற்றுகிறாரா, ஒவ்வொரு சக்திக்கும் விலை கேட்கிறாரா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் தோற்கும் ஃபேன்டஸியும் நிறைய உண்டு, விண்வெளிக் கதையும் நிறைய உண்டு.

எர்த்ஸீ சிறிய புத்தகம்தான். அந்த வல்லூறு திரும்பி வரும் இடம்வரையாவது படியுங்கள். படித்துவிட்டு, உங்கள் கருத்து மாறாவிட்டாலும், எனக்கு மறுபடி எழுதுங்கள்.